அசைவுப் பதிவும் மெய்நிகர் மனிதர்களும்: ஓர் எளிய அறிமுகம்

சுவீடனில் உள்ள உப்சாலா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-ஆம் ஆண்டு ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். கறுப்பு உடை அணிந்த ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூட்டுகளில் சிறு ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, அந்தப் புள்ளிகள் மட்டுமே தெரியும்படி அவரைப் படமெடுத்தார். படத்தை ஓரிடத்தில் நிறுத்திக் காட்டியபோது, பார்வையாளர்களுக்குச் சிதறிக் கிடக்கும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளுக்கு மேல் எதுவும் தெரியவில்லை. படம் ஓடத் தொடங்கியதுமே, ஒரு மனிதர் நடக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும் என்று அவருடைய பிந்தைய சோதனைகள் காட்டின. 1977-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கட்டிங்கும் லின் கோஸ்லோவ்ஸ்கியும் இன்னும் ஒரு படி மேலே சென்றார்கள்: ஒருவரையொருவர் நன்கு அறிந்த நண்பர்கள், இத்தகைய புள்ளிகளின் நடையை மட்டும் பார்த்தே, வெறும் ஊகத்தில் கிடைப்பதைவிடத் தெளிவாகக் கூடுதலான தடவைகள், நடப்பவர் இன்னார் என்று அடையாளம் கண்டார்கள்.

அசைவுப் பதிவு என்னும் துறையைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனையைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. மோஷன் கேப்சர் என்று நாம் அன்றாடம் சொல்லும் இந்தத் தொழில்நுட்பம், ஒரு மனிதரின் தோற்றத்தை விட்டுவிட்டு, அவருடைய அசைவை மட்டும் எண்களாகப் பிரித்தெடுக்கிறது. அந்த எண்களைக் கொண்டு கணினிக்குள் நடக்கவும் பேசவும் திரும்பிப் பார்க்கவும் கூடிய ஓர் உருவத்தை அமைப்பது மெய்நிகர் மனிதர் ஆய்வு. மிகச் சில புள்ளிகளிலிருந்தே மனிதரை அறிந்துகொள்ளும் நம் கண், அந்தப் புள்ளிகளில் ஏற்படும் மிகச் சிறிய பிழையையும் கண்டுகொள்ளும். இத்துறையின் வசதியும் தொல்லையும் அந்தக் கண்ணே.

உடலில் அடையாளமிட்டு அசைவை அளக்கும் எண்ணம் கணினிக்கு மிகவும் மூத்தது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன்-ஜூல் மாரே 1880-களிலேயே, கறுப்பு உடை அணிந்த மனிதரின் கைகால்களில் வெண்கோடுகளை ஒட்டி, ஒரே ஒளிப்படத் தகட்டில் அடுத்தடுத்த நிலைகளைப் பதிவு செய்தார். மாரே கையால் அளந்ததை இன்று கேமராக்கள் அளக்கின்றன. அடிப்படை ஏற்பாடு பெரிதாக மாறவில்லை.

புள்ளியை எண்ணாக்குவது

ஆய்வகங்களில் நெடுங்காலமாக அளவுகோலாகக் கருதப்படுவது, ஒளி வழியே மார்க்கர்களைப் பின்தொடரும் முறை. மார்க்கர் என்பது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு உருண்டை. தன் மீது விழும் ஒளியை, அது வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும் பூச்சு அதன் மேல் இருக்கும். அறையைச் சுற்றிப் பொருத்தப்பட்ட கேமராக்கள் ஒவ்வொன்றின் முகப்பிலும் அகச்சிவப்பு விளக்குகள் வளையமாக எரிகின்றன. மார்க்கரில் பட்ட ஒளி அதே கேமராவுக்குத் திரும்பி வருவதால், இருண்ட பின்னணியில் வெண்புள்ளிகள் மட்டும் பதிவாகின்றன. ஒரு கேமராவால் புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும். எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்ல முடியாது. வேறோர் இடத்தில் உள்ள இரண்டாவது கேமராவும் அதே புள்ளியைப் பார்க்கும்போது, இரண்டு திசைக்கோடுகளும் சந்திக்கும் இடமே மார்க்கரின் இருப்பிடம். நில அளவையாளர்கள் மலையுச்சியின் தொலைவைக் கணிக்கும் அதே முக்கோண முறை, இங்கு ஒரு நொடிக்கு நூறு முறைக்கும் மேல் நடக்கிறது.

இதற்கு முன்னால், ஒவ்வொரு கேமராவும் எங்கே நிற்கிறது, எந்தக் கோணத்தில் பார்க்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் பதிவு தொடங்குமுன், மார்க்கர்கள் பொருத்தப்பட்ட ஒரு கோலை அறை முழுவதும் அசைத்துக்கொண்டே நடப்பார்கள். கோலில் உள்ள மார்க்கர்களின் இடைவெளி முன்பே அளந்து வைக்கப்பட்டது என்பதால், எல்லாக் கேமராக்களின் படங்களையும் ஒப்பிட்டு, கணினி அவற்றின் இருப்பிடங்களைத் தானே கணித்துக்கொள்ளும். இந்தச் சடங்கைக் கவனமாகச் செய்த அறையில், மார்க்கரின் இருப்பிடம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான பிழையோடு கிடைக்கிறது.

கிடைக்கும் தரவின் அளவை ஓர் உதாரணத்தால் உணரலாம். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம், உலகெங்கும் உள்ள மாணவர்கள் இலவசமாகப் பயன்படுத்தும் ஓர் அசைவுத் தரவுத்தொகுப்பை வெளியிட்டுள்ளது. அங்கே 12 அகச்சிவப்பு கேமராக்கள், 41 மார்க்கர்கள் அணிந்த மனிதர்களை நொடிக்கு 120 முறை பதிவு செய்தன. ஒவ்வொரு மார்க்கருக்கும் நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள் உண்டு. ஆகவே ஒரே ஒரு நொடி நடைக்கு 14,760 எண்கள்.

ஆனால் இந்த எண்கள் வரும்போது சுத்தமாக வருவதில்லை. மார்க்கர்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், இந்தப் புள்ளி இடது முழங்கையா வலது முழங்கையா என்று கேமராவுக்குத் தெரியாது. முந்தைய கணத்தின் நிலையோடு ஒப்பிட்டுத்தான் பெயரிட வேண்டும். கையை மார்பின் குறுக்கே கட்டினால் சில புள்ளிகள் மறைந்துபோகும். மீண்டும் தோன்றும்போது கணினி அவற்றின் பெயர்களை மாற்றிவிடலாம், அப்போது திரையில் உள்ள உருவத்தின் கை ஒரு கணம் முறுக்கிக்கொண்டு நிற்கும். இவற்றையெல்லாம் திருத்தும் வேலை, பதிவுக்கு ஆன நேரத்தைப் போலப் பல மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்கிறது. இத்துறைக்குள் புதிதாக வருபவர்கள் இதை முதலிலேயே அறிந்திருப்பது நல்லது.

இன்னொரு சிக்கல் உடலிலேயே இருக்கிறது. நமக்கு வேண்டியது எலும்புகளின் அசைவு. மார்க்கர் ஒட்டியிருப்பதோ தோலின் மேல். ஓடும்போது தொடைத் தசை குலுங்கினால் மார்க்கரும் குலுங்கும். எலும்போடு ஒப்பிட, அது சில சென்டிமீட்டர் வரைகூட விலகும். மில்லிமீட்டர் துல்லியம் உள்ள கருவியால் சென்டிமீட்டர் கணக்கில் நகரும் தோலை அளக்கிறோம் என்பதை மறந்துவிட்டுக் கருவியின் விவரக்குறிப்பை மட்டும் நம்புவது, தொடக்கநிலை ஆய்வுகளில் அடிக்கடி நேரும் தவறு. நடைக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை தேவையா என்று மருத்துவர்கள் தீர்மானிக்கும் நடை ஆய்வகங்களில், இந்தப் பிழையைச் சரியாகக் கையாள்வது ஒரு குழந்தையின் கால் சம்பந்தப்பட்ட விஷயம்.

பாதம் சறுக்குவது ஏன்

மார்க்கர்களின் இருப்பிடங்களிலிருந்து ஓர் எலும்புக்கூடு கணிக்கப்படுகிறது. நீளம் மாறாத குச்சிகள் மூட்டுகளில் இணைந்திருப்பதாகக் கொண்டு, ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற கோணங்களாக அசைவு சேமிக்கப்படும். இந்த மாற்றத்தில்தான் பாதம் சறுக்கும் பிரச்சினை பிறக்கிறது. தரையில் ஊன்றி நிற்க வேண்டிய பாதம், பனிக்கட்டியின் மேல் நிற்பதுபோல மெல்ல வழுக்கிக்கொண்டே போகும். அசைவு எவ்வளவு இயல்பாக இருந்தாலும், இதைக் கண்ட மாத்திரத்தில் உருவத்தின் எடை போய்விடுகிறது.

காரணம் எளிய கணக்கு. இடுப்பிலிருந்து பாதம் வரை 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இடுப்பு மூட்டின் கோணத்தில் ஒரே ஒரு பாகை பிழை இருந்தால், அடுத்த முனையில் பாதம் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்துவிடும். பிழை கணத்துக்குக் கணம் மாறுவதால் பாதம் அசைந்துகொண்டே இருக்கும். சரி, பாதத்தைத் தரையில் ஓரிடத்தில் கட்டிவைத்துவிட்டு, அதற்கேற்ப முழங்காலையும் இடுப்பையும் திருப்பிக் கணித்தால் என்ன? இதற்குத் தலைகீழ் இயக்கவியல் என்று பெயர். எல்லா மென்பொருள்களிலும் இது உண்டு. ஆனால் கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும் நேரத்தில் இது புதிய குறையொன்றைக் கொண்டுவருகிறது. தொடை 45 சென்டிமீட்டர், முழங்காலுக்குக் கீழே 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, காலின் மொத்த நீட்டத்தை 90-இலிருந்து 89 சென்டிமீட்டராக, அதாவது ஒரே ஒரு சென்டிமீட்டர் மட்டும், குறைக்க முயன்று பாருங்கள். முழங்கால் சுமார் 17 பாகை மடங்க வேண்டியிருக்கும். பாதத்தைக் காப்பாற்றப்போய், முழங்கால் வெடுக்கென்று துள்ளும்.

2002-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லூகாஸ் கோவர், மைக்கேல் கிளைச்சர் உள்ளிட்டோர் இதற்கு முன்வைத்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. எலும்பின் நீளம் மாறாது என்ற விதியையே அவர்கள் சற்றுத் தளர்த்தினார்கள்: தேவையான கணங்களில் எலும்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நீட்டியோ சுருக்கியோ கொள்ளலாம், அதற்குப் பதிலாக முழங்கால் துள்ளாமல் இருக்கும். உண்மையான உடலில் எலும்பு ஒருபோதும் நீளாது. இருந்தும் பார்ப்பவரின் கண், சிறு நீள மாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது. சறுக்கும் பாதத்தையும் துள்ளும் முழங்காலையும் பொறுத்துக்கொள்வதில்லை. மெய்நிகர் மனிதர் ஆய்வில் எதைத் துல்லியமாக வைக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதைப் பெரும்பாலும் பார்வையாளரின் கண்ணே முடிவு செய்கிறது.

கேமரா அறை இல்லாமலும் அசைவைப் பதியலாம். வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானிகளும் திரும்புவதை அளக்கும் கைரோஸ்கோப்புகளும் உடையில் தைக்கப்பட்டால், அவை எந்த இடத்திலும் வேலை செய்யும். வெயிலிலும், மரத்தடியிலும், படிக்கட்டிலும் பதிவு செய்யலாம். ஆனால் முடுக்கத்திலிருந்து இருப்பிடத்தைக் கணிக்கும்போது பிழை நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும். வேகம் ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் கூடுவதாகக் காட்டும் சிறு நிலையான பிழைகூட, பத்து நொடியில் அரை மீட்டர் ஆகிவிடும். ஒரு நிமிடத்தில் 18 மீட்டர். அதனால் இக்கருவிகள், பாதம் தரையைத் தொடும் கணங்களை அடையாளம் கண்டு, அப்போதெல்லாம் பாதத்தின் வேகம் சுழியம் என்று கொண்டு தம்மைத் திருத்திக்கொள்கின்றன. உடலில் எதையும் ஒட்டாமல் வெறும் கேமராப் படங்களிலிருந்தே அசைவைக் கணிக்கும் முறை, 2010-இல் ஆழமறியும் கேமராவான கினெக்ட் வெளிவந்த பின்னரும், பிறகு எடுத்துக்காட்டுகளிலிருந்து தாமே கற்கும் நியூரல் நெட்வொர்க்குகள் பரவலான பின்னரும் வேகமாக வளர்ந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 480 கேமராக்களை உட்புறமாகப் பதித்த ஒரு கோள வடிவ அறையே கட்டப்பட்டது. பலர் ஒரே நேரத்தில் கூடிப் பேசும்போது ஒருவரை ஒருவர் மறைப்பதைச் சமாளிக்க அத்தனை பார்வைக் கோணங்கள் தேவைப்பட்டன.

குச்சிகளின் மேல் உடல்

எலும்புக்கூடு நடந்தால் போதாது. அதன் மேல் சதையும் தோலும் வேண்டும். உடலின் மேற்பரப்பைச் சிறு முக்கோணங்களால் ஆன ஒரு வலையாக வைத்து, வலையின் ஒவ்வொரு முனையையும் அருகிலுள்ள எலும்புகளோடு வெவ்வேறு விகிதங்களில் பிணைப்பது பழைய முறை. முழங்கையைக் கொஞ்சம் மடக்கும் வரை இது நன்றாகவே இருக்கும். முழுவதும் மடக்கினால் மூட்டின் உட்புறம் காற்று போன பந்துபோல ஒடுங்கிவிடும். மணிக்கட்டைத் திருகினால் மிட்டாய்க் காகிதத்தின் முறுக்கிய முனைபோல மெலிந்துவிடும்.

ஜெர்மனியின் டூபிங்கனில் உள்ள மேக்ஸ் பிளாங்க் அறிவார்ந்த அமைப்புகள் நிறுவனத்தில் மைக்கேல் பிளாக்கின் குழு 2015-இல் வெளியிட்ட எஸ்எம்பிஎல் என்னும் உடல் மாதிரி, இந்தக் குறையைத் தரவின் வழியே தீர்த்தது. ஆயிரக்கணக்கான உண்மையான உடல்களின் முப்பரிமாண அளவீடுகளிலிருந்து, மூட்டு எந்தக் கோணத்தில் இருந்தால் சதை எங்கே புடைக்கும், எங்கே மடியும் என்பதை அந்த மாதிரி கற்றுக்கொண்டது. 6,890 முனைகள் கொண்ட அதன் உடல் வலையில், உயரம், பருமன், தோள் அகலம் போன்ற வேறுபாடுகளைப் பத்து எண்களே பெருமளவுக்கு விவரித்துவிடுகின்றன. இதன் பயன் அழகோடு நிற்கவில்லை. வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு மார்க்கர் ஏற்பாடுகளில் பதிவு செய்த 15 தரவுத்தொகுப்புகளை 2019-இல் இதே உடல் மாதிரிக்கு மாற்றி, 300-க்கும் மேற்பட்டவர்களின் 40 மணி நேரத்துக்கும் அதிகமான அசைவுகளை அமாஸ் என்ற பெயரில் ஒரே தொகுப்பாக வெளியிட்டார்கள். ஒன்றோடொன்று பேச முடியாமல் கிடந்த தரவுகள் ஒரே மொழிக்கு வந்தன. கணினியே அசைவுகளைக் கற்றுக்கொள்ளும் பிற்கால ஆய்வுகளுக்கு இந்த அமைதியான தொகுப்பு வேலையே பெரிய உரம் என்று நான் கருதுகிறேன்.

முகத்துக்கு வரும்போது

முகத்தில் எலும்பு மூட்டு என்று சொல்ல ஒரே ஒரு தாடைதான் உண்டு. மற்ற எல்லாம் தசைகளின் இழுப்பு. பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978-இல் வெளியிட்ட முகச்செயல் குறியீட்டு முறை, முகத்தின் வெளிப்பாடுகளை உணர்ச்சிகளின் பெயரால் பிரிக்காமல், எந்தத் தசை இயங்குகிறது என்பதால் பிரித்து எண்ணிட்டது. உதட்டின் ஓரத்தை மேலிழுப்பது 12-ஆம் எண். கன்னத்தை உயர்த்திக் கண்ணோரத்தைச் சுருக்குவது 6-ஆம் எண். 12 மட்டும் இயங்கினால் ஒப்புக்குச் சிரிக்கும் சிரிப்பு. 6-உம் சேர்ந்தால் மனதாரச் சிரிப்பதாகப் பெரும்பாலோர் காண்கிறார்கள். உளவியலாளர்களுக்காக உருவான இந்த எண்கள், இன்று மெய்நிகர் முகங்களை இயக்கும் கட்டுப்பாடுகளின் அடிப்படையாக இருக்கின்றன.

தோலுக்கும் தனி ஆய்வு தேவைப்பட்டது. ஒளி தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிப்பதோடு நிற்காமல், உள்ளே நுழைந்து சிதறி, சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் வெளியேறுகிறது. கைவிளக்கின் முகப்பை உள்ளங்கையால் மூடினால் விரலிடுக்குகள் சிவந்து ஒளிர்வதில் இதைக் காணலாம். ஹென்ரிக் வான் யென்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2001-இல் இதை விரைவாகக் கணிக்கும் வழியைக் கண்டறியும் வரை, கணினி வரைந்த முகங்கள் பிளாஸ்டிக் பொம்மைகளைப்போல இருந்தன.

இவ்வளவும் சரியாக அமைந்தபின் பார்ப்பவர் என்ன உணர்கிறார்? ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், ஓர் உருவம் மனிதரை நெருங்க நெருங்க நமக்கு அதன் மேல் ஈர்ப்பு கூடும் என்றும், கிட்டத்தட்ட மனிதரே என்று ஆகும் இடத்தில் திடீரென்று அருவருப்பாக மாறும் என்றும் கூறினார். அந்தச் சரிவுக்கு அமானுஷ்யப் பள்ளத்தாக்கு என்ற பெயர் நிலைத்துவிட்டது. அசைவு இந்தப் பள்ளத்தை மேலும் ஆழமாக்கும் என்பதும் அவர் கருத்து. அது ஓர் ஊகமாகவே முன்வைக்கப்பட்டது, சோதனை செய்து அளக்கப்பட்டதில்லை. பலர் அதை நிறுவப்பட்ட விதிபோல மேற்கோள் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

சோதனைகள் அதன் பிறகுதான் வந்தன. ஜெசிக்கா ஹாட்ஜின்ஸ், கரோல் ஓசுல்லிவன் உள்ளிட்டோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்த காட்சிகளில் வேண்டுமென்றே குறைகளைப் புகுத்திப் பார்வையாளர்களிடம் காட்டினார்கள். உடலின் குறைகளைவிட முகத்தின் குறைகளே அதிகமாக உறுத்தின. டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் ரேச்சல் மெக்டானலின் குழு மெய்நிகர் மனிதர்களின் கூட்டங்களைக் கொண்டு செய்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: ஒரே உருவம் கூட்டத்தில் இருமுறை வந்தால் மக்கள் எளிதில் பிடித்துவிடுகிறார்கள், ஒரே நடையை இருவருக்குக் கொடுத்தால் அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. நண்பரின் நடையைப் புள்ளிகளிலேயே கண்டுகொள்ளும் அதே கண், முன்பின் அறியாத கூட்டத்தின் நடையைக் கவனிப்பதில்லை.

பதிந்ததைத் தாண்டி

பதிவு செய்ததை அப்படியே ஓட்டினால் போதாது; மெய்நிகர் மனிதர் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் திரும்ப வேண்டும். 2002-இல் வந்த அசைவு வரைபடங்கள், பதிவுகளை வெட்டி, ஒத்த நிலைகள் உள்ள இடங்களில் ஒட்டின. 2018-இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஈர்ப்பு விசையும் உராய்வும் உள்ள கணினி உலகத்தில், பதிவைப் பார்த்து மீண்டும் மீண்டும் விழுந்தெழுந்து கற்றுக்கொள்ளும் உருவங்களைக் காட்டினார்கள். அவற்றைத் தள்ளிவிட்டால் தடுமாறிச் சமாளித்தன. 2022-க்குப் பிறகு, ஒருவர் வாக்கியமாக எழுதியதற்கேற்ப அசைவை உருவாக்கும் முறைகள் பெருகின. இவற்றுக்குப் பயிற்சி தரும் தொகுப்புகளில் ஒன்றில் 14,616 அசைவுகளும் அவற்றுக்கு 44,970 விவரிப்புகளும் உள்ளன. இருவர் கட்டித்தழுவும் காட்சி மட்டும் இன்னும் எல்லோரையும் சிரமப்படுத்துகிறது. மார்க்கர்கள் உடல்களுக்கிடையே மறைகின்றன, சதை அழுந்துகிறது, துணி நசுங்குகிறது. கணக்கில் சிறிது பிசகினாலும் ஒருவரின் கை மற்றவரின் முதுகுக்குள் புகுந்துவிடும்.

யோஹான்சனின் புள்ளிகள் அண்மையில் வேறொரு கோலத்தில் திரும்பி வந்திருக்கின்றன. மெய்நிகர் விளையாட்டுகளுக்காக அணியும் தலைக்கருவி, தலையையும் இரண்டு கைகளையும், ஆக மூன்றே புள்ளிகளைப் பின்தொடர்கிறது. 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் தலைமையில் வந்த ஓர் ஆய்வு, 50,000-க்கும் மேற்பட்ட விளையாட்டாளர்களுக்கு நடுவில், 100 நொடி அசைவை வைத்துக்கொண்டு, அது யாருடையது என்பதை 94 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொன்னது. பத்து நொடி அசைவே இருந்தபோதும் 73 சதவீதம் சரியாக இருந்தது. பெயரையும் முகத்தையும் நீக்கிவிட்டால் அசைவுத் தரவு யாரையும் காட்டிக்கொடுக்காது என்ற பழைய நம்பிக்கை இதனால் உடைந்துவிட்டது. ஆகவே இப்போது சில ஆய்வுக் குழுக்கள் எதிர்த்திசையில் உழைக்கின்றன: ஓர் அசைவில் எந்தப் பகுதி செய்யும் செயலைச் சொல்கிறது, எந்தப் பகுதி செய்யும் ஆளைச் சொல்கிறது என்று பிரித்து, செயல் சிதையாமல் ஆளின் அடையாளத்தை மட்டும் அழிக்க முயல்கின்றன.